வீட்டிற்கும் வாழைக்கும் காவல் சவுக்கு

ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் மேல்காற்று, தேனி, தென்காசி, கோவை, திருப்பூர் மாவட்ட வாழை விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் கவலை தருவதாகும். குலை தள்ளிய வாழை தலைப்பாரம் மிகுந்தது. பல மாதம் உரமும் நீரும் கொடுத்து வளர்த்த மரம் ஒரே இரவில் ஒடிந்து விழுந்தால், முற்றாத குலைக்கு விலை கிடையாது. தோட்டத்து வீட்டின் ஓடும் கீற்றும் பறப்பதும் இதே காற்றில்தான். இவ்விரண்டிற்கும் குறைந்த செலவில் காவலாக அமைவது சவுக்கு.

கனடாவிலும் அமெரிக்காவின் வட சமவெளிகளிலும் விவசாயிகள் பண்ணை வீட்டின் வடக்கிலும் மேற்கிலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தை வரிசையாக நடுகிறார்கள். பனியைத் தாங்கும் அம்மரம் நம் சமவெளி வெப்பத்திற்கு ஏற்றதன்று. அது அங்கே செய்யும் வேலையை இங்கே செய்யக்கூடியது சவுக்கு. விரைவில் வளரும், மணற்பாங்கான, வளம் குறைந்த நிலத்திலும் வரும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்திற்குச் சேர்த்துக் கொடுக்கிறது.

சல்லடை போல இருக்க வேண்டும்

காற்றை அடியோடு தடுப்பது நல்லதன்று. மதில் போல அடைத்தால் காற்று மேலே எழும்பி, மறுபக்கம் சுழன்று இறங்கிப் பயிரை முறிக்கும். பாதிக்குப் பாதி இடைவெளியுள்ள மர வரிசையோ காற்றைச் சலித்து வேகத்தைக் குறைத்து அனுப்பும். சவுக்கின் மெல்லிய கிளைகள் இதற்குப் பொருத்தமானவை. மரத்தின் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தொலைவு வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும். 30 அடி உயர வரிசை 300 அடி வரை காக்கும்.

எவ்வளவு இடம் தேவை?

சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. காற்று வரும் மேற்கு எல்லையிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி, 5 அடி இடைவெளியில் இரண்டு வரிசைகள் நட வேண்டும். மரத்திற்கு மரமும் 5 அடி விட வேண்டும். முதல் வரிசையின் இரு மரங்களுக்கு நடுவே இரண்டாம் வரிசையின் மரம் வருமாறு மாற்றி நடுவது அவசியம். இதற்குச் சுமார் 84 நாற்றுகள் போதும். பயிருக்கு விடும் 6 அடியையும் சேர்த்து 7 சென்ட் நிலம் செலவாகும். மீதி 93 சென்ட்டுக்கு அதுவே காவல்.

வரிசையின் நடுவே வண்டிப் பாதை விடக் கூடாது. அந்தச் சந்தில் காற்று முன்னிலும் வேகமாகப் பாயும். வீட்டிலிருந்து 40 அடியாவது தள்ளி நட வேண்டும். உதிர்ந்த சருகு எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கும் கீற்றுக் கூரைக்கும் அருகில் சேர விடக் கூடாது.

நாற்றும் நடவும்

கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கு ஏற்ற சவுக்குக் குளோன்களை வெளியிட்டுள்ளது. விதை நாற்று வளர்ப்போர் விதையை மணலுடன் கலந்து விதைத்து, எறும்பு இழுத்துச் செல்லாமல் காக்க வேண்டும். நோயற்ற பழைய சவுக்குத் தோப்பின் மண்ணைச் சிறிது நாற்றுப் பையில் கலந்தால் வேர் முடிச்சு விரைவில் உண்டாகும்.

ஐப்பசி மழையில் ஓர் அடி நீள, அகல, ஆழக் குழியில் தொழு உரமிட்டு நட வேண்டும். தண்ணீர் தேங்கும் களிமண் நிலத்தைத் தவிர்ப்பது நலம். முதல் இரண்டு கோடைக்கு நீர் பாய்ச்சுவது இன்றியமையாதது. முதல் ஆடியில் கன்று சிறியதாகவே இருக்கும்; இரண்டாம் ஆடியில்தான் வாழைக்கு மேல் நிற்கும். ஆகவே வாழைக்கு ஓராண்டு முன்னதாகவே சவுக்கை நட்டுவிட வேண்டும். எல்லையை ஒட்டிய வரிசையில் அடிக்கிளைகளைக் கழிக்கக் கூடாது.

வேரும் நோயும்

சவுக்கின் வேர் பயிரின் நீரையும் உரத்தையும் பங்கு கேட்கும். மரத்திற்கும் வாழைக்கும் நடுவே 2 அடி ஆழத்தில் ஒரு சால் வெட்டி, ஆண்டுக்கொரு முறை வேரை அறுத்துவிட வேண்டும். பட்டையில் கொப்புளம் எழுந்து, வெடித்துக் கரும்பொடி உதிர்ந்தால் அது பூசண நோய். அம்மரத்தை உடனே அகற்றி எரிக்க வேண்டும். பட்டை மேல் மரத்தூளும் எச்சமும் கலந்த பின்னல் தெரிந்தால் பட்டைத் துளைப்பான் புழு உள்ளது என்று பொருள். பின்னலைச் சுரண்டி, துளையில் கம்பியைச் செருகிப் புழுவைக் கொல்லலாம்.

வெட்டுவதில் கவனம்

நான்காம் ஆண்டில் வியாபாரி விலை பேச வருவார். காகித ஆலைக்கும் சாரத்திற்கும் பந்தலுக்கும் சவுக்கு வேண்டியிருக்கிறது. மொத்தமாக வெட்டினால் கையில் பணம் சேரும். ஆனால் அடுத்த ஆடிக்குத் தோட்டம் வெட்டவெளியாக நிற்கும். கடற்கரைச் சவுக்கு வெட்டிய கட்டையிலிருந்து நன்றாகத் தழைப்பதில்லை. ஆகவே வாழைப் பக்கத்து வரிசையை மட்டும் முதலில் வெட்டி, அடுத்த மழைக்கே கட்டைகளுக்கு இடையில் புது நாற்று நட வேண்டும். அது வாழையைத் தாண்டி வளர்ந்த பின் மற்ற வரிசையை வெட்டலாம். மெலிந்த கழிகள் வாழைக்கு முட்டுக் கொடுக்க உதவும்.

2018 நவம்பரில் டெல்டாவைத் தாக்கிய கஜா போன்ற கடும் புயலை எந்த மர வரிசையும் நிறுத்திவிடாது. ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வரும் மேல்காற்றைத் தணிக்க இது போதும். காற்று வீசத் தொடங்கிய பின் நட்டுப் பயனில்லை. வரும் ஐப்பசிக்குள் மேற்கு எல்லையை அளந்து, குழி எடுத்து ஆயத்தமாவது விவசாயிகளுக்கு நலம் பயக்கும்.