பித்தளையை மென்மையாக்கும் இண்டக்ஷன் போர்டு

வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் பித்தளைச் சொம்பை வைத்தால் அடுப்பு பீப் அடித்து நின்றுவிடும். காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது ஏற்பதில்லை. ஆனால் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இசட்விஎஸ் இண்டக்ஷன் போர்டு, மெல்லிய பித்தளைக் குழாயைச் சில விநாடிகளில் கை வைக்க முடியாதபடி சூடாக்கிவிடும். அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர், சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூட்டை மறுபடி பயன்படுத்துவதற்காக இந்த போர்டை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். இதில் சூடாக்குவது எளிது. சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் கடினம்.

ஏன் சூடாக்க வேண்டும்?

தோட்டாக் கூடு 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது அதன் கழுத்து விரிகிறது. மறுபடி பயன்படுத்த அதை அச்சில் அழுத்திச் சுருக்குகிறார்கள். இப்படி விரிந்து சுருங்கியே உலோகம் இறுகி, கடைசியில் விரிசல் விடும். பாத்திரம் தட்டுபவர்கள் தகடு இறுகியதும் நெருப்பில் காட்டிவிட்டு மறுபடி தட்டுவார்கள் அல்லவா? அதே வேலைதான் இது. பெயர் அனீலிங்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் படையினர் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது பல கூடுகள் தானாகவே வெடித்து விரிசல் கண்டன. பருவமழையில் நடந்ததால் இதை 'சீசன் கிராக்கிங்' என்றார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும், உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினார்கள். அந்த இறுக்கத்தைப் போக்கும் வழியும் அனீலிங்தான்.

போர்டு எப்படி வேலை செய்கிறது?

இரண்டு மாஸ்ஃபெட், சில கெப்பாசிட்டர்கள், ஒரு செம்புக் காயில். இவ்வளவுதான். மாஸ்ஃபெட்டுகள் மாறி மாறி ஆன், ஆஃப் ஆகும். மொத்தம் 2 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 1.2 மைக்ரோ ஹென்றி காயிலும் இருந்தால் மின்னோட்டம் விநாடிக்குச் சுமார் 1 லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலையும். காயிலுக்குள் வைத்த பித்தளையில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து அது உள்ளிருந்தே சூடாகும்.

போர்டில் '1000 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிகபட்சம் 48 வோல்ட், 20 ஆம்பியர். பெருக்கினால் 960 வாட். அதுவும் உள்ளே போகும் மின்சாரம்தான். பித்தளையில் சேரும் வெப்பம் அதைவிடக் குறைவு.

விநாடிக் கணக்கு

தோட்டாக் கூட்டின் கழுத்து மட்டுமே மென்மையாக வேண்டும். அடிப்பகுதி இறுக்கமாகவே இருக்க வேண்டும். .308 வின்செஸ்டர் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். அடிப்பகுதி மென்மையானால் கூடு பிளந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கு வரும். அரை விநாடி கூடினாலும் விளைவு மாறும். எனவே கையால் ஸ்விட்ச் போட்டு அணைப்பது சரிவராது.

இதற்கு ஆர்டுவினோ போதும். பட்டனை அழுத்தியதும் ரிலே ஆன், குறித்த மில்லி விநாடி கழிந்ததும் ஆஃப். நான் பித்தளைக் குழாயில் இப்படித்தான் சோதித்தேன். புரோகிராமில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: எந்த எண் கொடுத்தாலும் 8 விநாடிக்கு மேல் ரிலே ஆனில் இருக்காது, ஆர்டுவினோ ரீசெட் ஆனால் முதல் வேலையாக ரிலேயை ஆஃப் செய்யும்.

ரிலேயைப் பவர் சப்ளைக்கும் போர்டுக்கும் நடுவில் வையுங்கள். பவர் சப்ளையின் 230 வோல்ட் பக்கத்தில் ஸ்விட்ச் போட்டால் வோல்டேஜ் மெதுவாக ஏறும். அப்போது இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி எரிந்துவிடலாம்.

வெப்பத்தை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். பளபளப்பான பித்தளையில் அது மிகக் குறைவாகவே காட்டும். குறித்த வெப்பத்தில் உருகும் பெயிண்டைப் பயன்படுத்துவதே வழக்கம். கழுத்தின் உட்புறம் சுமார் 400 டிகிரி செல்சியஸ் பெயிண்ட் உருக வேண்டும். உடலின் கீழே பூசிய 230 டிகிரி பெயிண்ட் உருகக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

- மோதிரம், வளையல், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். அவையும் சூடாகும்.
- மருந்தோ ப்ரைமரோ உள்ள தோட்டாவை யாரும் காயில் பக்கமே கொண்டுபோகக் கூடாது.
- பித்தளை செக்கச்சிவந்து ஒளிர விடாதீர்கள். அளவு மீறினால் துத்தநாகப் புகை வரும்.
- இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டாவின் பாகங்களும் தோட்டா வரையறைக்குள் வரும். எனவே கூட்டைத் தேடிப் போகாதீர்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கிய பித்தளைக் குழாய்த் துண்டே போதும். சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.