இனிக்காத தர்பூசணி இருந்தால் கொடுங்கள்

எங்கள் வீட்டுக்கு வருகிற தர்பூசணி எல்லாமே விழுந்து அடிபட்டவை. வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். மாசி பிறந்து திண்டிவனம் பக்கத்து லோடு வர ஆரம்பித்துவிட்டால், லாரியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி இறக்கும்போது ஒன்றிரண்டு நழுவும். சிலது அந்த இடத்திலேயே சிதறிப்போகும். சிலது மயிரிழை விரிசலோடு தப்பிக்கும். விரிசல் விட்டதைத் தராசில் ஏற்ற மாட்டார்கள். இறக்கினவர்கள் எடுத்தது போக மிஞ்சியது, சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றி எங்கள் வீட்டு நடைக்கு வந்து சேரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதில் பெருமைதான். வெட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஏமாற்றும். வெளியே கரும்பச்சை, உள்ளே வெளிறிய ரோஸ். வாயில் போட்டால் ஈரம் தெரியும், ருசி தெரியாது. ரெண்டு நாள் வைத்தால் இனிக்கும் என்று நம்பி, விரிசல் பெரிதாக இல்லாத காய்களைக் கட்டிலுக்கு அடியில் உருட்டி வைத்தெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அது நடக்காது. மாம்பழமும் வாழையும் பறித்த பிறகும் பழுக்கும், தர்பூசணி பழுக்காது. கொடியில் கிடந்தவரை ஏறின சர்க்கரை எவ்வளவோ அவ்வளவுதான், காம்பை அறுத்ததும் கணக்கு முடிந்தது. விலை நன்றாக ஓடுகிறது, லாரி காத்து நிற்கிறது என்று ஐந்தாறு நாள் முந்தி அறுத்த காயை வைக்கோலில் புதைத்தாலும் பிரயோஜனமில்லை. வாங்கும்போது காயைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணில் படுத்துக் கிடந்த இடத்தில் வெண்ணெய் போல மஞ்சள் ஏறியிருந்தால் நின்று விளைந்த காய். அந்த இடம் வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அவசரத்தில் அறுத்தது. விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிற வித்தை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தட்டுகிற எல்லோருக்கும் பிடிபட்டிருக்கிறது என்றும் தோன்றவில்லை.

ஒருநாள் வெளிறின துண்டுகளை அள்ளி மாட்டுக்குப் போடப் போனேன். அத்தை கையைப் பிடித்துவிட்டார்கள். "சப்புன்னு இருந்தா என்னட்டி? வெள்ளரிக்கா மட்டும் சீனியாவா இனிக்கி? உப்பும் எரிப்பும் காட்டுனா அது பாட்டுக்கு வழிக்கு வரும்."

வெள்ளரியும் தர்பூசணியும் ஒரே குடும்பத்துக் கொடி என்று அத்தைக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அன்றைக்கு அவர்கள் செய்து காட்டியதைத்தான் இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். அதற்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது, தண்ணிப்பழப் பச்சடி. தயிர் சேராது. அடுப்பு வேலை தாளிக்க மட்டும்தான். இன்றைக்கு இனிப்பான பழம் வந்தால் பிள்ளைகளுக்கு; சப்பென்றது வந்தால் எனக்கு.

இனிப்பான பழத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். சரியாக வரவில்லை. சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்து கடையில் விற்கிற சர்பத் போல ஆகிவிடுகிறது. புளிப்பும் காரமும் உட்கார இடம் வேண்டுமென்றால் பழம் கொஞ்சம் வாயடைத்து இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் வாய்க்கு இந்தச் சேர்மானம் புதிதல்ல. பங்குனி, சித்திரையில் பதநீருக்குள் மாங்காயைச் சீவிப் போட்டு, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இனிப்புக்கு நடுவில் பல் கூசுகிற ஒரு புளிப்பு வராவிட்டால் குடித்த மாதிரியே இருக்காது. எலுமிச்சைக்கும் தூரம் போக வேண்டாம். வடக்கே புளியங்குடிக்கு எலுமிச்சை நகரம் என்றே பெயர். ஆனால் நமக்கு வேண்டிய கோடையில்தான் அதன் விலை ஏறும். அந்த நாட்களில் மாங்காயைக் கூட்டி எலுமிச்சையைக் குறைத்துக்கொள்வேன்.

இனி செய்முறை. நாலு பேருக்கு ஒரு கிலோ அளவு கீற்று போதும். வெட்டுவதற்கு முன்னால் முழுக் காயையும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலைத்தான் தின்னப் போவதில்லையே என்று விடக்கூடாது. தோலில் இருக்கிற மண்ணைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

கீற்றை எடுத்தால் மூன்று பாகம். சிவப்பு, அதை ஒட்டின வெள்ளை, வெளியே பச்சைத் தோல். பச்சையை மட்டும் சீவி எறிய வேண்டும். வெள்ளைதான் இந்தப் பச்சடிக்கு முதுகெலும்பு. அதை அரிவாள்மணையில் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, கல்லுப்பு அரைத் தேக்கரண்டி, பாதி எலுமிச்சை பிழிந்து, பிசிறி, பத்து நிமிஷம் தனியாக வைத்துவிடுவேன். வைக்கும்போது ஒடிகிற குச்சியாக இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் வளைகிற நாராக, கண்ணாடி போலத் துலங்கிக் கிடக்கும். உப்பு உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்து, போன இடத்தில் புளிப்பை ஏற்றிவிட்டது. கையால் லேசாகப் பிழிந்து எடுத்து, பிழிந்த தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே உப்பு சிவப்புக்கு எமன். சிவப்புச் சதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தண்ணீர். உப்பு பட்டதும் அது ஒழுக ஆரம்பிக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சித்திரை விசுவுக்கு இலஞ்சியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. குற்றாலநாதர் கோயிலில் விசுத் திருவிழா பார்த்துவிட்டு அப்படியே போகலாம் என்று திட்டம். காலையிலேயே வெள்ளை, சிவப்பு, உப்பு, எலுமிச்சை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசிறி, தூக்குச்சட்டியில் அடைத்து, தென்காசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பந்தியில் மூடியைத் திறந்தால் ரோஸ் நிறத் தண்ணீரில் சுருங்கின துண்டுகள் மிதக்கின்றன. மதினி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது பச்சடியா ரசமா? டம்ளர் எடுத்துட்டு வரட்டா?" அந்த வருஷம் அருவியில்கூட அவ்வளவு தண்ணீர் இல்லை.

அதனால் வெள்ளைக்கு முதலில் உப்பு, சிவப்புக்குக் கடைசியில். இலை போட்ட பிறகு கலந்தால் போதும்.

காரத்துக்குக் காந்தாரி மிளகாய். மேற்கே புளியரை தாண்டினால் மலையாளத்து வீடுகளில் கொல்லைக்கு ஒரு செடி நிற்கும். எங்கள் பக்கமும் தொட்டியில் வைத்திருக்கிறோம். நாலு காந்தாரி, ஏழெட்டு சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை வறுத்த சீரகம் இவற்றைச் சின்ன உரலில் நச்சென்று தட்டினால் போதும், விழுதாக்கக் கூடாது. பல்லாரி வெங்காயம் வேண்டாம், அதன் நீரும் வாடையும் பழத்தை அமுக்கிவிடும். காரம் கூடிப்போனால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, தர்பூசணியும் தண்ணீர்தான் என்பதால் அதுவும் கைகொடுக்காது. மிளகாயின் எரிப்பு தண்ணீரில் கரையாது. எண்ணெய், கொழுப்பில்தான் கரையும். தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டுவதும், மேலே ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ தூவுவதும் வாசனைக்கு மட்டுமல்ல, நாக்கைக் காப்பாற்றவும்தான்.

கிளிமூக்கு மாங்காய் பாதியைத் துருவாமல் பொடியாக நறுக்க வேண்டும். தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஆறவிட வேண்டும். சுடச்சுடக் கொட்டினால் பழம் வெந்த மாதிரி தொய்ந்துவிடும். பிழிந்த வெள்ளை, மாங்காய், தட்டின காரம், தாளிப்பு எல்லாம் கலந்து, கடைசியில் விதை எடுத்த சிவப்புத் துண்டுகள். ஒருமுறை புரட்டினால் போதும். ரொம்பச் சப்பென்ற பழமாக இருந்தால் சுண்டைக்காய் அளவு கருப்பட்டியைப் பொடித்துப் போடுவேன். இதை அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் போடுவேன்.

சித்திரை விசுவை ஒட்டி எங்கள் சந்தை மஞ்சளாகிவிடும். கேரளத்துக்கு விஷுக்கணி வைக்கப் போகிற கணி வெள்ளரி. பெயர்தான் வெள்ளரி, பிறப்பில் முலாம்பழத்தின் பங்காளி. அதன் தோல் சீவி, விதைச் சோறு வழித்து, இதே பச்சடியைச் செய்யலாம். சதை கெட்டி என்பதால் பஸ் பயணம் தாங்கும். காம்புப் பக்கத்தில் ஒரு சீவல் எடுத்து முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் அந்தக் காயை அப்படியே விட்டுவிடுவது நல்லது. உப்புப் போட்டால் சரியாகும் என்று சமாளிக்க வேண்டாம்.

பழத்துக்கு உப்பும் காரமுமா என்று சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருத்தர் முகம் சுளித்தார். மெக்சிகோவில் தர்பூசணிக்கு எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் போடாமல் வண்டிக்காரர் கொடுக்க மாட்டார். ராஜஸ்தானில் மதீரா என்கிற பாலைவனத் தர்பூசணியைக் குழம்பே வைக்கிறார்கள். தாய்லாந்தில் தர்பூசணிக் கீற்றின் மேல் வறுத்த கருவாட்டுத் தூளைத் தூவித் தருவார்கள். கடைசியில் சொன்னதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. வீட்டில் கருவாடு இருக்கிற நாளில் பழம் இருப்பதில்லை.

2025 கோடையில் தர்பூசணிக்கு ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. விலை விழுந்தது. வெளுத்த பழத்தை ருசியில்லை என்று ஒதுக்கினவர்கள், சிவந்த பழத்தைச் சாயம் என்று ஒதுக்கினார்கள். பயிரிட்டவன் என்னதான் செய்வான்? ஊசி குத்தின காய் லாரியில் குலுங்கி வந்து, கடையில் நாலு நாள் அழுகாமல் கிடக்குமா என்று எங்கள் வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அடிபடாத காயே வீட்டுக்கு வந்தது. பச்சடிக்குக் குறைவில்லை, ஆனால் சந்தோஷமாகச் சாப்பிடவில்லை.

மருந்தியல் படித்த மகள் ஒன்று சொல்லுவாள். மாங்காய், எலுமிச்சையில் புளிப்பு இருப்பதால் கிருமி சட்டென்று பெருகாது. வெட்டின தர்பூசணியில் புளிப்பு கிடையாது, கோடை வெக்கையில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பக்கூடாது. பச்சடியில் எலுமிச்சை இருக்கிறதே என்றால், அது போதாது என்பாள். அதனால் மத்தியானம் செய்தது மத்தியானத்தோடு சரி.

மிஞ்சுவதும் குறைவு. துண்டெல்லாம் தீர்ந்த பிறகு கும்பாவின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும், உப்பும் புளிப்பும் காந்தாரி வாடையுமாக. எடுத்து வைத்த வெள்ளைப் பிழிசலையும் அதோடு சேர்த்து வீட்டுக்காரர் பழைய சோற்றில் ஊற்றிக்கொள்வார். ரசமா என்று மதினி கேட்டது அவருக்கு ஞாபகம் வரும். சிரித்துக்கொண்டே இன்னொரு கை சோறு வைக்கச் சொல்வார்.