புயலில் விழுந்த பலாமரம் விறகா, வீணையா, வீட்டு அலமாரியா? ஆணியில்லாத மரவேலை எப்படி நிற்கிறது?

கடலூர் செம்மண்டலத்திலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் போகிறவர்களுக்கு, சீசன் நேரத்தில் சாலையோரம் குவிந்து கிடக்கும் பலாப்பழம்தான் முதலில் கண்ணில் படும். ஆனால், பழத்தைத் தாண்டியும் இந்தப் பலாவுக்கு ஒரு மார்க்கெட் இருக்கிறது. தஞ்சாவூர் வீணை செய்கிறவர்கள் தேடி வருவது பண்ருட்டி வட்டாரத்துப் பலாமரத்தைத்தான். அந்த வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2011 டிசம்பர் 30-ம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது, தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ வந்தபோது மறுபடியும் காற்று, மறுபடியும் வெள்ளம். இந்த மாவட்டத்தில் வீட்டு வாசலில் மரம் விழுவது ஒன்றும் அபூர்வமில்லை. விழுந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஒரே நேரத்தில் ஊர் முழுக்க மரம் விழுந்தால் அறுக்க ஆள் கிடைக்காது, நல்ல விலையும் கிடைக்காது. பெரும்பாலான வீடுகளில் “எடுத்துட்டுப் போனா போதும்” என்று விறகுக்குத் தள்ளிவிடுவார்கள். தாத்தா நட்ட மரம் இரண்டு நாளில் லாரி ஏறிவிடும்.

இன்னொரு பக்கம், வெள்ளம் வடிந்த வீடுகளில் முதலில் குப்பைக்குப் போவது ஆன்லைனில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு அலமாரிதான். மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது. தண்ணீர் ஏறினால் அடிப்பகுதி பொரி மாதிரி உப்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. வாசலில் நல்ல பலாமரம் விறகாகப் போக, உள்ளே உப்பிய அலமாரிக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பலாவில் அப்படி என்ன இருக்கு?

அறுத்த புதிதில் பலாவின் வைரப்பகுதி பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு சில வருடங்களில் செம்பழுப்பாக மாறிவிடும். பௌத்த துறவிகளின் காவி உடைக்குச் சாயம் எடுக்கப் பயன்பட்ட மரங்களில் இதுவும் ஒன்று. வைரப்பகுதியைக் கரையான் அவ்வளவு சுலபமாகத் தொடாது. ஆனால், பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியைப் பூச்சி விடாது, அதை நீக்கிவிட வேண்டும்.

வீணையில் இரண்டு வகை உண்டு. குடம், தண்டி எல்லாவற்றையும் ஒரே மரத்துண்டில் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்குத்தான் விலை அதிகம். அதற்கு நன்றாகப் பருத்த, வயதான மரம் வேண்டும். புயலில் ஒரு கிழட்டுப் பலா விழுந்தால் தச்சர்களுக்கு மனசு பதறுவது ஏன் என்று இப்போது புரியும்.

ஆணி அடிச்சா என்ன தப்பு?

தப்பில்லை. ஆனால், கடலூர் மாதிரி கடலோர ஊரில் உப்புக்காற்று ஆணியைச் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், வெட்டிய பிறகும் மரம் அசைந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி விரியும். சித்திரை வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகுவது இதனால்தான்.

இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருக்காது. பச்சை மரம் முழுசாகக் காயும்போது நீளவாக்கில் குறைவது 0.1 முதல் 0.2 சதவீதம்தான். அகலவாக்கில் அப்படியில்லை. பெரும்பாலான மரங்களில், வளர்ச்சி வளையத்தின் போக்கில் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. நன்றாகக் காய்ந்த பலகைகூட, 10 அங்குல அகலம் என்றால் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து சுருங்கலாம். அதை நாலு பக்கமும் ஆணி அடித்து நிறுத்தினால் மரம் கேட்காது, பிளந்துவிடும். பழைய கதவுகளில் சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் நடுப்பலகையைப் பசை போடாமல் செருகியிருப்பதற்குக் காரணம் இதுதான். பலகை அந்தக் காடிக்குள்ளேயே போய் வந்துகொள்ளும்.

மரத்தின் அசைவுக்கு இடம் கொடுப்பது இந்தக் கடற்கரைக்குப் புதுசில்லை. கட்டுமரம் முழுக்க முழுக்கக் கயிற்றால் இணைத்தது, பெயரிலேயே இருக்கிறது. அலை அடிக்கும்போது கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் அவிழ்த்து, தண்ணீர் குடித்த மரங்களைத் தனித்தனியாகக் காயவைப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி அந்தக் காட்சி அரிதாகிவிட்டது. ஜப்பானின் நாரா மாகாணத்தில் 1,300 ஆண்டுகளாக நிற்கும் ஹோர்யூஜி மரக்கோபுரத்தைப் பற்றி ரீல்ஸ் பார்த்து வியக்கிறோம். சிதம்பரத்தில் பொன்கூரைக்குக் கீழே இருக்கும் சிற்சபையும் மரக் கட்டுமானம்தான் என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கே பல நேரம் தோன்றுவதில்லை.

சரி, வீட்டில் ஆரம்பிக்க என்ன வேணும்?

யூடியூப் பார்த்தால் லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கச் சொல்வார்கள். அதெல்லாம் அப்புறம். ஒரு ரம்பம், 6, 12, 25 மில்லிமீட்டர் என மூன்று உளி, மரத்தாலான கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, மூலைமட்டம், வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப் இருந்தால் முக்காலி செய்துவிடலாம். அபார்ட்மென்ட் பால்கனி போதும். இரவு பத்து மணிக்குக் கொட்டாப்புளியைத் தூக்காமல் இருந்தால் பக்கத்து வீட்டோடு சண்டையும் வராது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கைவிடுவது பெரும்பாலும் மொக்கை உளியால்தான். கடையில் வாங்கிய உளி அப்படியே வெட்டாது, தீட்ட வேண்டும். 25 டிகிரி சாய்வில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் மெருகேற்றுவது வழக்கம். சாணைக்கல் இல்லையா? தட்டையான தடிமனான கண்ணாடி மேல் தண்ணீரில் நனைக்கும் வகை உப்புத்தாளை ஒட்டித் தேய்க்கலாம். மறுபக்கம் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்பட்டால், அந்தப் பக்கத்தைத் தட்டையாக வைத்துத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். மொக்கை உளிதான் கையை வெட்டும். அது வழுக்கும், நாமும் வேகமாகத் தள்ளுவோம். மரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு உளியை அதை நோக்கி ஓட்டுவது எப்போதும் கூடாது.

முதல் இணைப்பாக, இரண்டு சட்டத்திலும் பாதிக் கனத்தை வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாகப் படியவைக்கும் பாதிக்குப் பாதி இணைப்பை முயன்று பார்க்கலாம். கை பழகியதும் துளையும் நாக்கும். ஒரு கட்டையில் துளை, மற்றதில் அதில் நுழையும் நாக்கு. நம் வாசல் நிலை, கட்டில், ஜன்னல் சட்டம் எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

நாக்கின் கனம், கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு அங்குலக் கட்டை என்றால் சுமார் 8 மில்லிமீட்டர். பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் தடிமன் உண்டு என்பதால் கத்தி நுனியால் கீறிக்கொள்வது நல்லது. முதலில் துளையை எடுங்கள். நாக்கைப் பிறகு அதற்கேற்ப இழைத்துச் சரி செய்வது சுலபம். கட்டையை ஊடுருவும் துளை என்றால் பாதிவரை ஒரு பக்கம், மீதியை மறுபக்கம் இருந்து வெட்ட வேண்டும். ஒரே பக்கமாக அடித்தால் கடைசியில் மறுபுறம் சிம்பு தெறிக்கும். நாக்கு, கை அழுத்தத்தோடு கொட்டாப்புளியின் இரண்டு மெல்லிய தட்டில் நுழைந்தால் சரியான அளவு. தானாக நுழைந்தால் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கட்டை பிளக்கும்.

கடைசியில் மூங்கில் ஆணி. குறுக்கே போடும் துளையை, நாக்கில் மட்டும் அதன் தோள் பக்கமாக 1 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால், மூங்கில் ஆணி உள்ளே போகும்போதே இணைப்பை இழுத்து இறுக்கிவிடும். ஃபெவிகால் தேவையே இல்லை. பிற்காலத்தில் கால் ஒடிந்தால் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து அந்தக் காலை மட்டும் மாற்றலாம்.

மரம் இப்பதான் விழுந்திருக்குன்னா?

முதலில் அறுக்குமுன் தண்டைச் சுற்றிப் பாருங்கள். சாலையோர மரமென்றால் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். அறுவை மில்லில் பிளேடு போய்விடும். புயலில் வளைந்து முறிந்த மரத்தில் நாருக்குக் குறுக்கே மெல்லிய மடிப்புபோலக் கோடுகள் தெரிந்தால், அந்தத் துண்டைக் கட்டில் காலுக்கோ ஏணிக்கோ எடுக்கக் கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், பாரம் தாங்காது.

அடுத்தது அவசரம். தண்டின் இரு வெட்டு முகங்களிலும் சில நாட்களுக்குள் பெயின்ட் அல்லது மெழுகு பூச வேண்டும். ஈரம் அந்த முகங்கள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும், அங்கேதான் வெடிப்பு தொடங்கும். பிறகு பலகையாக அறுத்து, நிழலில் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மாறினால் பலகை வளையும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்பே காயலாம். மாதம் ஒருமுறை ஒரு பலகையை எடைபோட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால், அங்கிருக்கும் காற்றின் ஈரத்துக்கு மரம் பழகிவிட்டது என்று அர்த்தம்.

மில்லில் அறுக்கக் கொடுக்கும்போது, ஒரு அங்குலப் பலகை வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலம் என்று சொல்லி வாங்குங்கள். சுருங்குவதிலும் இழைப்பதிலும் அந்தக் கால் அங்குலம் போய்விடும்.