ஆறாத புண்ணை அலட்சியம் செய்யாதீங்க

நெற்பயிரில் ஒரு இலையில் குலைநோய்ப் புள்ளி விழுந்தாலும் நம்ம கண்ணுக்குத் தப்பாது. ஆனா, நம்ம உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து எத்தனை நாளாச்சு?

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. நம் தோலின் கருநிறமி வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதால் இந்த நோய் நமக்குக் குறைவு. ஆனால் வரவே வராது என்றில்லை. வராது என்ற நினைப்பில்தான் பலர் முற்றவிட்டு மருத்துவரிடம் போகிறார்கள்.

நமக்கு வரும் இடமும் வேறு. மெலனோமா என்ற கொடிய வகை, கருந்தோல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. கால்பந்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் நோய் தெரிந்தது. 1981இல் 36 வயதில் இறந்துபோனார். நாமும் மண்வெட்டி பட்டது, முள் குத்தியது, சர்க்கரைப் புண் என்றுதானே சொல்லிக்கொள்கிறோம்?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• நான்கு வாரம் ஆகியும் ஆறாத புண். ஆறுவதுபோல் ஆறி மறுபடி கசியும் புண்.

• வடிவம் கோணலாகி, ஓரம் சிதறி, பல நிறம் காட்டி, வளர்ந்துகொண்டே போகும் மச்சம்.

• நகத்தில் புதிதாக வந்து அகலமாகும் கறுப்புக் கோடு. அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்துவிடும், இது நகராது.

• பழைய தீக்காயத் தழும்பில் பல வருஷம் கழித்துக் கிளம்பும் புண் அல்லது கட்டி.

• பாவாடை நாடா, வேட்டி இறுக்கும் இடுப்பில் தடித்து வெடிக்கும் தோல். 'வேட்டிப் புற்று' பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் 1945லேயே எழுதியிருக்கிறார்கள். நாடாவைத் தளர்த்தி, இடம் மாற்றிக் கட்டுங்க.

இவற்றில் ஒன்று இருந்தாலே புற்று என்று பயப்பட வேண்டாம். காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். எருக்கம்பால் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, சுட்டுக்கொள்வது வேண்டாம். மூலிகையை மதிக்கிறவங்கதான் நாம். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் பயிருக்கே மருந்து கொடுக்க மாட்டோமே!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்க. சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். 'கத்தி பட்டா பரவிடும்' என்பது வீண் பயம். தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்தே குணமாக்கிவிடலாம்.

மாதம் ஒருமுறை, சேறு கழுவிக் குளித்த பிறகு, உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், இடுப்பு எல்லாம் பாருங்க. முதுகை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்க. ஐந்து நிமிஷ வேலைதான்.