மயிலும் மயக்கமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் விராலிமலை இருக்கிறது. குன்றின்மேல் சண்முகநாதர் மயில்மீது எழுந்தருளியிருக்கிறார். குன்றைச் சுற்றிய புதர்களிலும் புன்செய்களிலும் மெய்யான மயில்கள் மேய்கின்றன. தெய்வத்தின் வாகனத்தையும் காட்டின் பறவையையும் ஒரே நோக்கில் காணக்கூடிய இடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. ஆயினும், நாம் அன்றாடம் காணும் இப்பறவையைப்பற்றி நம் ஜனங்களிடையே வழங்கிவரும் கதைகள் விசித்திரமானவை. பாமரர் மட்டுமே இவற்றை நம்புகின்றனர் என்றும் சொல்வதற்கில்லை.

2017-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி, இராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி மகேஷ் சந்திர சர்மா, தாம் ஓய்வுபெறும் நாளில் பத்திரிகை நிருபர்களிடம் பேசுகையில், ஆண் மயில் பிரமசாரி என்றும், அதன் கண்ணீரைப் பருகியே பெண் மயில் கருவுறுகிறது என்றும் கூறினார். நாடு முழுவதும் நகைத்தது. நகைத்தவர்களில் எத்தனை பேர், “அது பொய்யாயின் உண்மை யாது?” என்று விசாரித்தனர்? நகைப்பு மட்டும் அறிவாகிவிடாது.

உண்மை மிக எளிது. கோழியும் சேவலும் கூடுவதுபோலவே மயில்களும் கூடுகின்றன. ஆண் மயில் பெட்டையின்மேல் ஏற, இரண்டின் கழிவாய்களும் ஒன்றோடொன்று பொருந்தும். சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும். பின்னர் பெட்டை தரையில் சிறு பள்ளத்தில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டைகள் இட்டு, ஏறக்குறைய 28 நாட்கள் அடைகாக்கிறது. சேவலின்றி வளரும் கோழியும் முட்டையிடும். ஆனால் அம்முட்டை பொரிப்பதில்லை. இதை அறியாத குடியானவன் இல்லை. மயிலுக்கும் விதி அதுவே. கண்ணீரில் கருவுக்குரிய வித்து கிடையாது. ஆட்டத்தைப் பார்த்தவர் பலர், கூடலைப் பார்த்தவர் சிலர். ஆதலால் இடையே இருந்த இடைவெளியைக் கதை நிரப்பிவிட்டது.

அடுத்தபடி தோகையைக் கவனிப்போம். புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று நம்பாத தமிழ்க் குழந்தை உண்டோ? இறகு நம் நகத்தையும் ரோமத்தையும் போன்றது. முளைத்து முற்றியபின் அதில் உயிர் இல்லை. உயிரற்றது குட்டி போடாது. தோகை மயிலின் வால் என்பதும் பிழையே. மெய்யான வால், தோகைக்குப் பின்னே மறைந்து அதைத் தாங்கி நிற்கும் குட்டையான சிறகுகளே. தோகை என்பது வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகள் நீண்டு வளர்ந்தது. அவை ஏறக்குறைய 150 இருக்கும்.

அதன் நிறமோ எல்லாவற்றினும் வியப்பு. மயிற்பீலியில் நீலச்சாயமும் இல்லை, பச்சைச்சாயமும் இல்லை. உள்ளே இருப்பது நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் அதே கரும்பொருள். 1665-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக், மயிலிறகை நீரில் நனைத்தால் நிறம் மறைந்துபோவதைத் தமது நூலில் எழுதிவைத்தார். சாயமாயின் நனைந்தால் மறைவானேன்? 2003-ல் சீன விஞ்ஞானிகள் இதன் அந்தரங்கத்தை நுட்பமாக விளக்கினர். இறகின் மிகச் சிறிய இழைகளில் அக்கரும்பொருள் நுண்ணிய கோல்களாக, சாளரக் கம்பிகள்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. கோல்களுக்கிடையேயுள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 7,000-ல் ஒரு பங்கு. அத்தூரம் சிறிதானால் நீல ஒளி திரும்பிவரும். சற்றே மிகுந்தால் பச்சை, இன்னும் மிகுந்தால் மஞ்சள். இதை நேயர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். கீழே உதிர்ந்த ஓர் இறகை விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். வர்ணஜாலம் மறைந்து மங்கிய பழுப்பே எஞ்சும்.

மயில் ஆடினால் மழை வரும் என்பது மற்றொரு வழக்கு. மயில் பெட்டையின்பொருட்டு ஆடுகிறது, மேகத்தின்பொருட்டன்று. வடநாட்டில் அதன் இனப்பெருக்கக் காலமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வருவதால் இந்த எண்ணம் வேரூன்றியது. விராலிமலைக்கோ பெருமழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றினால் வருகிறது. ஆண் மயில்கள் ஆவணி தொடங்கித் தோகையை உதிர்த்துவிடுகின்றன. மழை கொட்டும்போது விரிப்பதற்கு முழுத் தோகையே இல்லை! கோடையில் ஆடும் நாளில் ஒரு மழை பெய்துவிட்டால் அது நினைவில் நிற்கிறது. ஆடியும் பெய்யாத பத்து நாட்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நம் மூடநம்பிக்கைகளில் பாதி இந்தக் கணக்குப் பிழையினால் விளைந்தவையே.

விஞ்ஞானிகளும் தம் கணக்கைத் திருத்திக்கொண்டே செல்கின்றனர். பெட்டை மயில் அழகிய தோகையைத் தேர்ந்தெடுப்பதாலேயே தோகை வளர்ந்தது என்று 1871-ல் டார்வின் எழுதினார். தோகையில் கண்கள் மிகுந்த ஆண்களையே பெட்டைகள் விரும்பின என்று 1991-ல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சி அதற்கு ஆதரவளித்தது. 2008-ல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியோ, ஏழு ஆண்டுகள் கவனித்தும் அத்தகைய விருப்பத்தைக் காணவில்லை என்றது. பெரியோர் வாக்கையும் பிரத்தியட்சத்தால் சோதிப்பது விஞ்ஞானம்; இதில் அவமதிப்பு ஏதுமில்லை.

இவையெல்லாம் வெறும் வேடிக்கை விஷயங்கள் என்று ஒதுக்கிவிடலாகாது. மூட்டு வலி தீரும் என்று நம்பி மயிலெண்ணெய் வாங்குவோர் இருக்கும்வரை, மயிலைக் கொன்று கொழுப்பை உருக்குவோரும் இருப்பர். அவ்வெண்ணெய் வலியைத் தீர்க்கும் என்பதற்கு விஞ்ஞானச் சான்று ஏதும் இல்லை. தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்தப் போர்வையில் பிடுங்கிய தோகையும் சந்தைக்கு வரக்கூடும். அடிக்காம்பு சுத்தமாயிருந்தால் உதிர்ந்தது. இரத்தக்கறை இருந்தால் பிடுங்கியது. வாங்குவோர் இதனை அறிதல் வேண்டும். விளைந்த கதிரை மயில் கொத்தும்போது குடியானவன் அடையும் நஷ்டமும் பொய்யன்று. அதற்குப் பரிகாரம் தேடுவது அரசாங்கத்தின் கடமை. விஷம் வைப்பது பரிகாரமாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது; அதைக் கொன்றோர்க்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு.

1963-ல் மயிலை நம் தேசியப் பறவையாக்கினோம். ஆனால் தேசியப் பறவை என்று மார்தட்டிக்கொண்டு, அது எவ்வாறு பிறக்கிறது என்பதைக்கூட அறியாதிருத்தல் தேசபக்திக்கு அழகன்று. பொய்க்கதைகளைக் கைவிட்டால் மயிலின் மகிமை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கரிய பொருளைக் கொண்டே நீலத்தையும் பச்சையையும் இழைக்கும் சிருஷ்டியைவிட வியக்கத்தக்க கதையை எவராலும் கட்டிவிட முடியாது. விராலிமலைக்கு வரும் அன்பர்கள் மேலே ஆண்டவனைத் தொழுவதோடு, கீழே அவன் வாகனத்தையும் கண்ணைத் திறந்து பார்ப்பாராக!