டீசல் இயந்திரத்தின் ஹெட் காஸ்கட்: எத்தடிப்பு ஏற்றது?

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியம் பற்றிய ஒன்றையே எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், தன்னாமுனையில் நாம் நேரிற் கண்ட ஒரு நட்டம் இதனை எழுதத் தூண்டியது. பிள்ளைகளை மட்டக்களப்பு நகர்ப் பாடசாலைகளுக்கு ஏற்றிச் செல்லும் பழைய டொயோட்டா ஹைஏஸ் வான் ஒன்று, ஹெட் காஸ்கட் மாற்றி இரு கிழமை ஆகுமுன்னரே ‘டொக், டொக்’ என்னும் ஒலியுடன் நின்றுவிட்டது. வான்காரர் எம் பழைய மாணவர். கடன்பட்டுச் செய்வித்த வேலை அது. மீளக் கழற்றியபோது, பிஸ்டனின் தலையில் ஹெட்டுடன் மோதிய தழும்பு காணப்பட்டது. (பிஸ்டனைப் பாடநூல்கள் முசலம் என்னும். எமக்கு உவப்பான சொல்லே. எனினும் கராஜில் அதனைச் சொன்னால் உலக்கையைத்தான் எடுத்து வருவர்.)

டீசல் இயந்திரத்திற் பெற்றோல் இயந்திரத்திலுள்ளது போன்ற பொறி இல்லை. நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறி, தூவப்படும் எரிபொருளைத் தானே பற்றவைக்கும். றுடோல்வ் டீசல் 1897 இல் ஜெர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் வெற்றியாக ஓட்டிக் காட்டியது இதனையே. ஆதலாற் பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடம் மிகச் சிறிது. ஹைஏஸ் வான்கள் பலவற்றிலுள்ள 2எல் இயந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீற்றர். பிஸ்டனின் ஓட்டமும் அவ்வளவே. ஒரு சிலிண்டர் இழுக்கும் 611 கன சென்ரிமீற்றர் காற்று, உச்சியில் ஏறத்தாழ 29 கன சென்ரிமீற்றர் இடத்துள் ஒடுங்கும். காஸ்கட்டின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் கூடினால் அவ்விடம் 0.66 கன சென்ரிமீற்றர் கூடும். 22 ஆகவுள்ள நெருக்க விகிதம் அரை அளவு குறையும். தடிப்பு மிகின், காலையில் இயந்திரம் எளிதிற் பற்றாது, வெண்புகை தள்ளும். குறையின், மேற்சொன்ன தழும்புதான்.

அவ்வாறாயின் எத்தடிப்பை இடுவது? அதனைத் தீர்மானிப்பது பிஸ்டனே. இவ்வியந்திரத்திற் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது புளொக்கின் மேற்றளத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும். அந்த மிகுதி 0.68 முதல் 0.77 மில்லிமீற்றர் வரையாயின் ‘பி’ குறியிட்ட காஸ்கட், 0.78 முதல் 0.87 வரையாயின் ‘டி’, 0.88 முதல் 0.97 வரையாயின் ‘எவ்’. இவற்றின் தடிப்பு முறையே ஏறக்குறைய 1.45, 1.55, 1.65 மில்லிமீற்றர். வேறு இயந்திரங்களுக்கு அளவுகளும் வேறு. சிலவற்றில் எழுத்துக்குப் பதிலாகத் துளைகளோ வெட்டுகளோ இருக்கும்.

அளக்கும் முறை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். புளொக்கின் தளத்திலும் பிஸ்டனின் தலையிலும் படிந்த கரியைத் துடைத்து, டயல் கேஜைத் தளத்திற் பூச்சியத்துக்கு அமைத்து, கிராங்கைக் கையாற் சுழற்றிப் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்தல் வேண்டும். பிஸ்டன் ஊசியின் நேர்க்கோட்டில், முன்னும் பின்னுமாக ஈரிடங்களில் அளக்க வேண்டும். ஓரத்தில் அளந்தாற் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். நான்கினுள்ளும் மிகக் கூடியதற்கு ஏற்பவே காஸ்கட்டைத் தெரிக. கழற்றிய காஸ்கட்டின் தடிப்பை அளந்து வாங்குவோரும் உளர். அது ஏலவே நசுங்கியது. அதன் குறியெழுத்தை மட்டுமே நம்பலாம், அதுவும் புளொக், பிஸ்டன், கனெக்டிங் ரொட் ஆகியன மாறாதிருப்பின்.

ஹெட்டைச் சீவினால் தடித்த காஸ்கட் இடவேண்டும் என்பது கராஜ்களிற் பரவிய நம்பிக்கை. தட்டையான ஹெட்டைச் சீவுவதாற் பிஸ்டனின் மிகுதி மாறாது. வால்வுகள் உள்ளடங்கும் ஆழமே குறையும். அதனைத் தனியே அளந்து, வால்வு இருக்கையிற் சரிசெய்தல் வேண்டும். புளொக்கைச் சீவினாலோ பிஸ்டனின் மிகுதி உடனே கூடும்.

நம் வான்காரருக்கு நேர்ந்தது இதுவே. புளொக்கைச் சீவியவர் அளக்கவில்லை. குறியெழுத்தே இல்லாத மலிவான காஸ்கட்டையும் இட்டுவிட்டார். மறுமுறை அளந்தபோது கூடிய மிகுதி 0.94. ‘எவ்’ காஸ்கட்டும் ஒரு பிஸ்டனும் வாங்கவேண்டியதாயிற்று, கூலியும் இருமுறை. பிள்ளைகள் பதினொரு நாள் பஸ்ஸிற் சென்றனர்.