வாயில் முட்டை சுமப்பவள்

பீரோவுக்குப் பின்னால், பரண் மூலையில், கழிப்பறைக் கூரையில் நூல் போன்ற கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்தி இல்லாத வீடு நம் ஊரில் அரிது. 1867-ல் ஜான் பிளாக்வால் என்ற ஆங்கிலேயர் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். குரோசோபிரைசா லியோனி என்பது அறிவியல் பெயர். நமக்கோ அது வெறும் எட்டுக்கால் பூச்சி. உண்மையில் அது பூச்சியே அல்ல. பூச்சிக்கு ஆறே கால்கள்.

உடல் ஓர் அரிசி மணி அளவுதான். வயிற்றின் பின்முனை மட்டும் சின்னக் கூம்பாகத் துருத்தி நிற்கும். கால்கள் உடலைப்போலப் பல மடங்கு நீளம். அந்த நீளம் எதற்கென்று அது வேட்டையாடும்போது பார்த்தால் புரியும். இதன் வலையில் பசை கிடையாது. கொசு இழைகளில் கால் இடறித் தடுமாறும் நொடியில் சிலந்தி ஓடிவந்து, தள்ளி நின்றபடியே பின்னங்கால்களால் நூலை இழுத்து இழுத்து அதன்மேல் வீசும். இரை முழுக்கக் கட்டுண்ட பிறகுதான் நெருங்கிக் கடிக்கும். தன்னைவிடப் பெரிய சிலந்தியைக்கூட இப்படியே மடக்கிவிடுகிறது.

வலையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொங்கியபடியே உடம்பை அவ்வளவு வேகமாக ஆட்டும். உருவமே கலங்கிப் புகைபோலத் தெரியும். எதைக் கொத்துவதென்று எதிரிக்குப் புரியாது.

வலையில் செத்துத் தொங்குவதாகத் தோன்றுவது பல சமயம் அது உரித்துப் போட்ட தோல்தான்.

எனக்கு மிகப் பிடித்தது தாய்ச் சிலந்தி. முட்டைகளைச் சில இழைகளால் மட்டும் உருண்டையாகக் கட்டி, குஞ்சு பொரியும்வரை வாயிலேயே கவ்விக்கொண்டிருப்பாள். இழை மெல்லியது என்பதால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இளைப்பாறத் தேடுவதும் இதே இருட்டு மூலைகளைத்தான். அந்தக் கொசுவைத் தின்னும் உயிர் என்பதற்காகவே தாய்லாந்தில் இந்தச் சிலந்தியை ஆராய்ந்தார்கள். 1997-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. மனிதரை இது ஒன்றும் செய்வதில்லை.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, தூசி படிந்த வெற்று வலைகளைத் தாராளமாக அடித்துவிடுங்கள். வாயில் வெளிர் உருண்டையோடு ஒருத்தி தொங்கினால், அந்த மூலையை மட்டும் சில நாள் விட்டுவையுங்கள்.